முதல் அழைப்புக்கு யாரும் வருவதில்லை

நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. மருந்துக் கடைக்காரி சீட்டைப் படித்துச் சொன்னால், இன்னொரு தடவை படி என்பேன். பாதிரியார் ஒரு கையால் ஆசீர்வதித்தால் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். இந்த எழுபத்து நான்கு வயதில் ஒரே ஒரு ஆளை மட்டும் சோதித்துப் பார்க்காமல் விட்டு வைத்திருந்தேன். அவன் காசிமிரோ.

பெனாலூதரில் எங்களுக்கு ஒரே வாய்க்கால். பனி உருகி வரும் ஓடையிலிருந்து பிரிந்து, மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் வருகிறது. பல நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையை ஆண்ட மூர்கள் வெட்டிய மண் வாய்க்கால். தலைமடை என்னுடையது. கடைமடை காசிமிரோவுடையது. நடுவில் முப்பத்தொரு மடைகள்.

மண் வாய்க்கால் என்றால் கசியும். கசிவதைக் குடித்துத்தான் என் பத்தொன்பது அக்ரூட் மரங்களும் கீழ்ச்சரிவில் நிற்கின்றன. அவற்றுக்கு முறைத் தண்ணீர் கிடையாது. வாய்க்காலை மூடிக் கறுப்புக் குழாய் போட்டுவிட்டால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. இரண்டு கோடையில் பத்தொன்பதும் விறகு. எனக்கு வேறு வரும்படி இல்லை.

குழாய் போட வேண்டும் என்று மூன்று வருஷமாகக் குதித்துக்கொண்டிருந்தவன் வாய்க்கால் தலைவன் பாஸ்குவால். ஆனால் எங்கள் வாய்க்காலுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைமடைக்காரன் கூட்டத்தில் எழுந்து நின்று "கூடாது" என்று சொல்லிவிட்டால் அந்த வருஷம் யாரும் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கக் கூடாது. தாளில் எழுதி அனுப்பினால் செல்லாது. வாயால் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் எழுந்து நின்று சொன்னேன். இந்த வருஷமும் சொல்லிவிட்டால் போதும். அரசாங்கம் குழாய்க்குத் தரும் மானியம் மார்ச்சோடு முடிகிறது. அதற்கப்புறம் பாஸ்குவால் குழாயை இடுப்பில்தான் சுற்றிக்கொள்ள வேண்டும்.

ரொட்டிக் கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். சனிக்கிழமை. முதல் அழைப்பு மாலை ஐந்து மணி, இரண்டாம் அழைப்பு ஐந்தரை.

எல்லா வருஷமும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு மடைக்காரனுக்கும் முறைக்கு இத்தனை மணி நேரத் தண்ணீர் என்று பங்கு உண்டு. முதல் அழைப்பில் கூட்டம் நடக்க வேண்டுமானால் அந்த மொத்தத் தண்ணீர் மணியில் பாதிக்கு மேல் வந்திருக்க வேண்டும், ஆளாகவோ கையெழுத்துப் போட்ட தாளாகவோ. இரண்டாம் அழைப்பில் மூன்று பேர் இருந்தாலும் கூட்டம்தான். அதனால் முதல் அழைப்புக்கு யாரும் வருவதில்லை. என் அப்பா காலத்திலும் வந்ததில்லை. ஐந்து மணிக்குச் செயலாளர் பள்ளிக்கூட அறையைத் திறப்பாள், காலி நாற்காலிகளைப் பார்ப்பாள், யாரும் இல்லை என்று எழுதுவாள், எதிரே இருக்கும் மதுக்கடைக்கு வந்துவிடுவாள். ஊரே அங்கேதான் நின்றுகொண்டிருக்கும். ஐந்தரைக்குக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் ஒன்றாகப் போவோம்.

வியாழக்கிழமை காசிமிரோ என் வீட்டு வாசலுக்கு வந்தான். சைக்கிளை விட்டு இறங்காமல் சுவரில் ஒரு கை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"சனிக்கிழமை ஒரு சுத்து போயிட்டு வருவோமா?"

"சனிக்கிழமை கூட்டம்டா."

"கூட்டம் சாயங்காலம்தானே. காலையில கிளம்பினா மொந்தாரஸ்ல ஒரு காப்பி, லாஹுவேலால சாப்பாடு, மெதுவா திரும்பிடலாம். ஈஸ்டர் முடிஞ்சதும் முட்டியை அறுத்து இரும்பு வைக்கப் போறாங்க. அப்புறம் எங்க மிதிக்கிறது?"

"நான் அஞ்சேகாலுக்கு ஊர்ல இருக்கணும்."

"அஞ்சேகாலுக்கு உன்னை மதுக்கடை வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன். எங்கம்மா மேல சத்தியம்."

"கூட்டத்துல நீ என் பக்கந்தானே?"

"இதை வேற கேக்கணுமாடா?" என்றான். சிரித்தான். போய்விட்டான்.

வேறு யாராவது அப்படிப் பதில் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்து, ஆமா இல்லையா என்று கேட்டிருப்பேன். அவனைக் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாகச் சேர்ந்து மிதிக்கிறோம். பதினாறு வயதில் எங்கள் இருவரிடமும் சேர்த்துத்தான் ஒரு பம்பும் ஒரு ஒட்டுப் பெட்டியும் வாங்க முடிந்தது. பம்பு என் சைக்கிளில், ஒட்டுப் பெட்டி அவன் சட்டைப் பையில். இன்றுவரை அப்படித்தான். ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தனுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பாதாம் பூத்து முடிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மேலே பனி, கீழே தூரத்தில் கடல் தகரம் மாதிரி கிடந்தது. இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் பின்சக்கரம் கிர்ரென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே அவன் எனக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு ரொம்பத் தூரத்தில் வந்தான்.

வளைவில் நின்று காத்திருந்தேன்.

"என்னடா, கல்யாண ஊர்வலமா?"

"முட்டிடா. உனக்கென்ன, கழுதைக்கால்."

"கழுதையாவது நேரத்துக்குப் போய்ச் சேரும்."

மொந்தாரஸில் ரொட்டியைச் சுட்டு, தக்காளி தேய்த்து, எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டோம். காப்பியில் சோம்புச் சாராயம் கொஞ்சம் விட்டுக்கொண்டோம். நான் வார் அறுந்த கைக்கடிகாரத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். எடுத்துப் பார்த்தேன். கோயில் மணிக்கூண்டைப் பார்த்தேன். கடைக்காரனிடம் கேட்டேன். மூன்றும் மூன்று நேரம் காட்டின. மூன்றில் எது முந்தியோ அதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பாக்குறியே, அது என்ன முட்டை போடப் போகுதா?" என்றான் காசிமிரோ.

"கூட்டம் இருக்குடா."

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல. தின்னு."

கிளம்பும்போது அவன் தொலைபேசி அடித்தது. எழுந்து சுவர் ஓரமாகப் போய்ப் பேசினான். "ஆமாம்மா, மொந்தாரஸ். ஆமா, இப்பத்தான். இல்ல, மெதுவாத்தான் போறோம்." மகள் என்றான். அப்பா வழியில் விழுந்துவிடுவானோ என்று அவளுக்குப் பயமாம். நல்ல மகள் என்று நினைத்துக்கொண்டேன். என் மகன் வருஷத்துக்கு இரண்டு தடவை பேசுவான்.

மொந்தாரஸிலிருந்து லாஹுவேலாவுக்குப் பதினான்கு கிலோமீட்டர். வழியில் ஒரு கஷ்கொட்டைத் தோப்பில் தண்ணீர் பிடிக்க நின்றான். ஒரு ஆட்டுக்காரனிடம் குட்டி எத்தனை என்று விசாரிக்க நின்றான். பிறகு மூத்திரத்துக்கு நின்றான். கிழவனுக்கு அது சகஜம் என்று விட்டேன். வெயில் நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

லாஹுவேலாவில் ரெமெதியோஸ் கடை. அவளுக்கும் எங்கள் வயதுதான். வாய் மட்டும் இருபது.

"வாங்க வாங்க! எலும்புக்கூடு ரெண்டும் சைக்கிள் ஏறி வந்திருக்கு. சவப்பெட்டியைப் பின்னாடி யாராவது கொண்டுவர்றாங்களா?"

"உன் சாப்பாட்டைத் தின்னதுக்கப்புறம் கொண்டாரச் சொல்லியிருக்கோம்," என்றேன்.

"தின்னுட்டுச் சொல்லு."

ரொட்டித் தூளைப் பூண்டும் பன்றிக் கொழுப்பும் போட்டு வறுத்துக் கொண்டுவந்தாள். மேலே பொரித்த மிளகாய், ஓரத்தில் ஒரு முட்டை. ஒரு ஜாடி ஒயின். காசிமிரோ இரண்டாவது ஜாடி சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அவன் ஏற்கெனவே ஊற்றிவிட்டான்.

மூலையில் ஆமோஸ் உட்கார்ந்திருந்தான். பாஸ்குவாலின் மச்சினன். எங்களைப் பார்த்துத் தலையசைத்தான். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இவன் எதுக்குடா இங்க இருக்கான்?"

"அவன் ஊரு இதுதான்டா. எங்க இருப்பான்?"

"பாஸ்குவால் அனுப்பியிருப்பான்."

"பாஸ்குவால் கனவுலகூட உன் பொறடியில நிக்கிறானா?" காசிமிரோ என் தோளைத் தட்டினான். "ஒரு அரை மணி கண்ணை மூடிட்டு வர்றேன். முட்டி கொதிக்குது."

வெளியே பெஞ்சில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தான். நான் உள்ளே உட்கார்ந்து ஆமோஸை வேவு பார்த்தேன். அவன் காப்பியைக் குடித்தான், எழுந்தான், போனான். எங்கள் சைக்கிள்கள் வெளிச் சுவரில்தான் சாய்ந்திருந்தன. நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் ஆமோஸ் தெருமுனை திரும்பிவிட்டான். காசிமிரோ பெஞ்சில் புரண்டு படுத்தான்.

மூன்றேகாலுக்குக் கிளம்பினோம். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, காசிமிரோவின் பின்சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது.

ட்யூபைக் கழற்றினேன். அவன் முட்டியை மடக்க முடியாது என்று கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். டயரின் உள்பக்கம் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். முள் இல்லை. கண்ணாடித் துண்டு இல்லை. ட்யூபில் ஓட்டை வட்டமாக, சுத்தமாக, செருப்புத் தைக்கிற ஊசியால் குத்தினது மாதிரி இருந்தது.

"இது முள்ளு இல்ல," என்றேன்.

காசிமிரோ முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமோஸ் வேலை. நான் கண்ணால பார்த்தேன், சுவர் ஓரமாத்தான் போனான். என்னைக் கூட்டத்துக்கு வரவிடக் கூடாதுன்னு பாஸ்குவால் ஏற்பாடு."

காசிமிரோ தூரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டே, "செஞ்சாலும் செய்வானுங்க," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். சட்டைப் பையிலிருந்து ஒட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினான். பசை காய வேண்டும் என்றான். நான் இரண்டு நிமிஷம் போதும் என்றேன். நல்லாக் காயட்டும், வழியில் பிரிந்தால் இன்னும் மோசம் என்றான். அது நியாயம். காயவிட்டோம். பிறகு நான் பம்பை எடுத்துக் காற்றடித்தேன். நூற்றிருபது தடவை. அவன் எண்ணினான்.

நாலு மணி தாண்டிவிட்டது. இன்னும் கழுதைமுதுகு ஏற்றம் இருந்தது. ஐந்து கிலோமீட்டர், நிழலே கிடையாது. ஏறிவிட்டால் அந்தப் பக்கம் பெனாலூதர் வரை இறக்கம்.

ஏற்றத்தில் கால்வாசி ஏறுவதற்குள் காசிமிரோ சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான்.

"நீ போடா எலாதியோ. நான் தள்ளிக்கிட்டு வர்றேன்."

இப்போது யோசித்தால், அப்போதே போயிருக்கலாம். தனியாக மிதித்திருந்தால் ஐந்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பேன். நான் விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று தெரிந்துதான் அவன் சொன்னான். ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒருத்தனை ஒருத்தன் ஏற்றத்தில் விட்டுவிட்டுப் போனதே இல்லை.

"ஏறுடா மேல," என்றேன்.

அவன் ஏறினான். நான் பக்கத்தில் மிதித்துக்கொண்டு, இடது கையை அவன் முதுகில் வைத்துத் தள்ளினேன். சின்ன வயதில் பந்தயத்துக்குப் போகும்போது சோர்ந்தவனை அப்படித்தான் தள்ளுவோம். இப்போது எழுபத்து நான்கு வயது. ஒரு கையால் கைப்பிடி, ஒரு கையால் ஒரு முழு ஆள். அவன் சட்டை நனைந்திருந்தது. என் உள்ளங்கைக்கு அவன் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நடுவில் நாலு தடவை நின்றோம்.

மூன்றாவது தடவை நின்றபோது, "போதும்டா, கையை எடு," என்றான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. முட்டி வலி என்று நினைத்தேன்.

"பாஸ்குவால் மூஞ்சியைப் பாக்கணும்டா நான். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான். ஏறு."

உச்சியில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி ஆக மூன்று நிமிஷம். இறக்கம் பதினைந்து நிமிஷம். இரண்டாம் அழைப்புக்கு நிறைய நேரம் இருந்தது. ஒரு கோப்பை ஒயின்கூடக் குடிக்கலாம். ஆமோஸையும் பாஸ்குவாலையும் அவர்கள் ஊசியையும் தோற்கடித்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே இறங்கினேன். வளைவுகளில் பிரேக் பிடிக்கவே இல்லை. என் பின்னால் காசிமிரோவின் சக்கரச் சத்தம் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

மதுக்கடை வாசலில் இறங்கினேன். கடிகாரம் சரியாக ஐந்தேகால். சொன்ன மாதிரியே, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

மதுக்கடையில் யாரும் இல்லை.

கடைக்காரன் மட்டும் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அதே கோப்பையை மறுபடியும் துடைத்தான்.

"எங்கய்யா எல்லாரும்?"

"பள்ளிக்கூடத்துல."

"மணி அஞ்சேகால்தானே ஆகுது."

"இன்னிக்கு அஞ்சுக்கே போயிட்டாங்க, எலாதியோ."

தெருவைத் தாண்டுவதற்குள் பள்ளிக்கூடக் கதவு திறந்தது. எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாஸ்குவால் மட்டும் பார்த்தான்.

"சவாரி நல்லா இருந்துச்சா, எலாதியோ? காத்து வாங்கினா உடம்புக்கு நல்லதுதான்."

நான் உள்ளே போனேன். செயலாளர் என்க்ராசியா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"கூடாது," என்றேன். நின்றுகொண்டு, வாயால், சத்தமாகச் சொன்னேன்.

"கூட்டம் முடிஞ்சிருச்சு மாமா. குழாய் போடறதுன்னு எழுதியாச்சு."

"முதல் அழைப்புல எப்படிக் கூட்டம் செல்லும்? பாதி மணி வந்துச்சா?"

"வந்துச்சு. பாதிக்கு மேல ரெண்டு மணி நேரம்."

"பொய். காசிமிரோவும் நானும் இல்லாம பாதி தாண்டாது. எனக்குக் கணக்குத் தெரியும்."

அவள் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்குப் படிக்க நேரமாகும். கூட்டத்தில் என்னையும் வந்ததாகச் சேர்த்துக்கொள்ளவும், என் நாலு மணித் தண்ணீருக்கு பாஸ்குவால் சொல்வதே என் சொல், என்று இருந்தது. கீழே கையெழுத்து. முதல் எழுத்தின் வாலை நீளமாக இழுத்து, அதன் நுனியில் ஒரு புள்ளி வைப்பவன் இந்த மலையில் ஒருத்தன்தான். தேதி, புதன்கிழமை.

வியாழக்கிழமை அவன் என் வாசலுக்கு வந்தான்.

வெளியே வந்தபோது காசிமிரோ மதுக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தான். ஓடிப்போகவில்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"புதன்கிழமை," என்றேன்.

"ஆமா."

"ஊசியும் நீதானா?"

சட்டைப் பையைத் தொட்டான். "ஆமா. பெஞ்சுல படுத்திருக்கிறப்ப."

"தொலைபேசியில யாரு?"

"பாஸ்குவால்."

"ஆமோஸ்னு நான் சொன்னப்ப நீ என்னடா சொன்னே?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான். "முப்பது வருஷத்து ஆகஸ்ட்டுடா எலாதியோ," என்றான். "ஆகஸ்ட்டுல என் மடைக்கு வர்றது தண்ணி இல்ல, ஈரம். என் முறை வர்ற அன்னிக்கு மண்ணுல கையை வெச்சுப் பாத்துட்டுப் போயிடுவேன். தக்காளி நின்ன மேனிக்கே காயும். ஒரு ஆகஸ்ட்டுலயாவது கீழ வந்து பாத்திருக்கியா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?"

"எழுந்து கூடாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்."

அது உண்மை. சொல்லியிருப்பேன். அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பேன், அவனும் என் மூஞ்சிக்கு நேரே திட்டியிருப்பான், ஒரு மாசம் பேசியிருக்க மாட்டோம். மனுஷனுக்கு மனுஷன் அப்படித்தான். அவன் தக்காளிக்காக என் மரங்களைக் கேட்டிருந்தால் அது சண்டை, சண்டையில் தப்பில்லை. இவன் என் மரங்களை வெட்ட என் கையையே வாங்கிக்கொண்டான். ஐந்து கிலோமீட்டர் இந்தக் கையால்தான் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"அம்மா மேல சத்தியம் பண்ணினியேடா," என்றேன்.

"சத்தியத்தைக் காப்பாத்திட்டேன். அஞ்சேகால்."

அப்போதுதான் இரண்டு பேரும் அவன் பின்சக்கரத்தைப் பார்த்தோம். ஒட்டு பிரிந்திருக்க வேண்டும். மறுபடியும் தரையோடு உட்கார்ந்திருந்தது. அவன் வீடு கடைமடையில், மூன்று கிலோமீட்டர் கீழே.

"பம்பைக் குடுடா," என்றான்.

பம்பு என் சைக்கிள் தண்டில் இருந்தது. கழற்றினேன். கையில் வைத்துக்கொண்டேன். மதுக்கடைக்குள் ஆட்கள் ஒவ்வொருத்தராக நுழைந்துகொண்டிருந்தார்கள். யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"நடந்து போ," என்றேன்.

அவன் ஒட்டுப் பெட்டியை எடுத்து என் சைக்கிள் சீட்டின் மேல் வைத்தான். பிறகு தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். வலது காலை இழுத்து இழுத்து, ஒவ்வொரு அடிக்கும் கைப்பிடியில் சாய்ந்து சாய்ந்து போனான்.

நான் நின்று பார்த்தேன். பாவம் பார்த்து நிற்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கால் நேராகிறதா என்று பார்க்கத்தான் நின்றேன். தேவாலயத்தைத் தாண்டினான், நொண்டினான். துணி துவைக்கும் தொட்டியைத் தாண்டினான், நொண்டினான். திரும்பிப் பார்க்கவே இல்லை. வளைவு வரைக்கும் நொண்டிக்கொண்டேதான் போனான். வளைவுக்கு அந்தப் பக்கம் எப்படிப் போனான் என்று எனக்குத் தெரியாது.